பிரெக்ஸிட்டுக்கு அப்புறமும் ஐரோப்பாவை விடாத உள்ளூர்க் குழுக்கள்

[திரையில்: இங்கிலாந்து நகரம் ஒன்றின் கடைத்தெரு. மடக்கு மேஜை, நீலத் துணி, பக்கத்தில் கேள்விகள் எழுதிய பெரிய பலகை.]

வணக்கம். பிரெக்ஸிட் என்றால், ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் வெளியேறியது. அதற்கப்புறமும் ஐரோப்பாவோடு நெருக்கம் வேண்டும் என்று கேட்கிற உள்ளூர்க் குழுக்கள் கடைத்தெருவில் வைக்கிற, திரையில் தெரிகிற இந்தப் பலகைக்கு 'பிரெக்ஸிடோமீட்டர்' என்று பேர். இடது பக்கம் வரிசையாகக் கேள்விகள் இருக்கும். பிரெக்ஸிட் நல்லபடியாகப் போகிறதா? உங்கள் வீட்டுச் செலவு கூடியதா, குறைந்ததா? ஐரோப்பாவோடு இன்னும் நெருங்கிப் போகலாமா? வலது பக்கம் பதில்களுக்கான கட்டங்கள். சனிக்கிழமை சாமான் வாங்க வருகிறவர்கள் கையில் சின்ன வட்ட ஸ்டிக்கர்களைக் கொடுப்பார்கள். எந்தக் கட்டத்தில் ஒட்டுவது என்பது அவரவர் இஷ்டம்.

ஒட்டப் போகிறவர் ஒரு நொடி தயங்குவார். அப்புறம், "இல்லை, நான் ஏன் இதில் ஒட்டுகிறேன் தெரியுமா..." என்று பேச ஆரம்பிப்பார். அந்தப் பேச்சுக்காகத்தான் பலகையே. சாயங்காலம் பலகையைப் படம் எடுத்து இணையத்தில் போடுவார்கள். தொகுதி எம்.பி.க்கும் அனுப்பலாம். கருத்துக்கணிப்பாக இதற்கு மதிப்பு கிடையாது. நின்று ஒட்டுகிறவர்கள் ஏற்கெனவே அந்த விஷயத்தில் அக்கறை உள்ளவர்கள்தானே. ஆனால் முன்பின் தெரியாத ஒருவரை அரசியல் பேச வைக்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை.

பாத், ஆக்ஸ்ஃபோர்டு, பிரிஸ்டல், லீட்ஸ், டெவன், கார்ன்வால் என்று ஊர்ப்பேரையோ மாவட்டப் பேரையோ சேர்த்துக்கொண்ட இப்படியான குழுக்கள் பிரிட்டன் முழுக்க இருக்கின்றன. சில தனியாக இயங்குகின்றன. சில 'யூரோப்பியன் மூவ்மென்ட்' என்ற பழைய அமைப்பின் கிளைகள். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1940-களின் கடைசியில் தொடங்கிய அமைப்பு அது. சர்ச்சில் அதன் நிறுவனர்களில் ஒருவர். இந்தக் குழுக்கள் என்ன செய்கின்றன, அதனால் எதுவும் நகர்கிறதா என்பதுதான் இன்றைய வீடியோ.

[திரையில்: 2016 முடிவு வரைபடம்.]

பின்னணி சுருக்கமாக. 2016 ஜூன் 23-ல் பொதுவாக்கெடுப்பு. வெளியேறலாம் என்று 51.9 சதவீதம், இருக்கலாம் என்று 48.1 சதவீதம். 2020 ஜனவரி 31-ல் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியே வந்தது. அந்த வருஷம் டிசம்பர் 31 வரை பழைய விதிகளே நீடித்தன. அதற்கப்புறம்தான் நிஜமான பிரிவு.

வாக்கெடுப்புக்கு முன்பு 'இருக்கலாம்' என்ற பிரசாரம் பெரும்பாலும் லண்டனிலிருந்துதான் நடத்தப்பட்டது. தோற்ற பிறகுதான் உள்ளூரில் ஜனங்கள் கூட ஆரம்பித்தார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், நர்ஸ்கள், மொழிபெயர்ப்பாளர்கள், ஐரோப்பாவில் பிறந்து இங்கே குடும்பம் நடத்துகிறவர்கள். அதுவரை கட்சிக் கூட்டத்துக்கே போகாத பலர் முதல் தடவையாகக் கையில் பதாகை பிடித்தார்கள்.

அப்புறம் வந்தது பேரணிக் காலம். 2018 அக்டோபர் 20-லும் 2019 மார்ச் 23-லும் லண்டன் தெருக்கள் நிரம்பி வழிந்தன. இரண்டாவதில் 10 லட்சம் பேர் வந்ததாக ஏற்பாட்டாளர்கள் சொன்னார்கள். அதே நாட்களில், வெளியேறும் நடவடிக்கையையே ரத்து செய்யச் சொல்லி நாடாளுமன்ற இணையதளத்தில் போட்ட மனுவில் 60 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். அந்தத் தளத்தில் அதுவரை எந்த மனுவுக்கும் அத்தனை கையெழுத்து விழுந்ததில்லை. விதிப்படி ஒரு லட்சத்தைத் தாண்டினால் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். எடுத்தார்கள், பேசினார்கள். அரசு மறுத்துவிட்டது.

அந்த வருஷம் டிசம்பரில் தேர்தல். வெளியேறியே தீருவோம் என்ற கன்சர்வேடிவ் கட்சி 43.6 சதவீத ஓட்டை வாங்கி 365 இடங்களைப் பிடித்தது. கதை முடிந்தது.

[திரையில்: 650 தொகுதிகள் உள்ள வரைபடம்.]

அத்தனை லட்சம் பேர் தெருவில் இறங்கியும் ஏன் ஒன்றும் நடக்கவில்லை? என் பார்வையில், காரணம் இந்த வரைபடத்தில் இருக்கிறது. பிரிட்டனில் 650 தொகுதிகள். ஒவ்வொன்றிலும் அதிக ஓட்டு வாங்கியவர் எம்.பி. லண்டன் பேரணியில் பத்து லட்சம் பேர் நடந்தாலும், அவர்களில் ஒரு குறிப்பிட்ட எம்.பி.யின் தொகுதிக்காரர்கள் எத்தனை பேர் என்பதைத்தான் அந்த எம்.பி. பார்ப்பார். ஆக்ஸ்ஃபோர்டில் 70 சதவீதம் பேர் இருக்கலாம் என்று ஓட்டுப் போட்டார்கள். அங்கிருந்து இன்னும் பத்து பஸ் ஆட்கள் வந்தாலும், 75 சதவீதம் வெளியேறலாம் என்று போட்ட பாஸ்டன் என்ற கிழக்கு இங்கிலாந்து ஊரின் எம்.பி.க்கு அதனால் ஒரு கவலையும் கிடையாது.

இன்னொரு நடைமுறையும் உண்டு. எம்.பி.க்குக் கடிதம் போட்டால் உங்கள் முகவரியைக் கேட்பார்கள். தன் தொகுதிக்காரர் என்றால்தான் பதில். வேறு தொகுதி என்றால், உங்கள் எம்.பி.யைப் பாருங்கள் என்று மரியாதையாகச் சொல்லிவிடுவார்கள். ஊரில் எம்.பி.யை நேரில் பார்ப்பதற்கென்று தனியாக நாள் ஒதுக்கியிருப்பார்கள். அதுவும் தொகுதிக்காரர்களுக்குத்தான். ஆக, டெவனில் உள்ள எம்.பி.யை டெவன்காரர்தான் பார்க்க முடியும். உள்ளூர்க் குழு என்று ஒன்று அவசியமாவதே இங்கேதான்.

தோல்விக்குப் பிறகு மடங்காமல் நின்ற குழுக்கள் இதைப் புரிந்துகொண்டன. லண்டன் பேரணிகள் முற்றிலும் நின்றுவிடவில்லை. 2022-லிருந்து மறுபடியும் சேரச் சொல்லி அங்கே பேரணிகள் நடக்கின்றன. ஆனாலும் வாரா வாரம் நடக்கிற வேலை வேறு. ஒரே வாசகத்தை ஆயிரம் பேர் அனுப்பினால் எம்.பி. அலுவலகத்தில் அதற்குப் பெரிய மதிப்பு இருக்காது. சொந்த அனுபவத்தைத் தன் வார்த்தையில் எழுதிய இருபது கடிதங்கள் வந்தால் ஒவ்வொன்றுக்கும் பதில் யோசிக்க வேண்டும். அதனால் குழுக்கூட்டங்களில் கடிதம் எப்படி எழுதுவது என்றே சொல்லிக்கொடுக்கிறார்கள்.

சரி, எதைப் பற்றி எழுதுகிறார்கள்?

[திரையில்: துறைமுகத்தில் வரிசையாக நிற்கும் கார்கள். பின் இருக்கையில் ஒரு நாய்.]

நாயிலிருந்தே ஆரம்பிக்கலாம். முன்பு பிரிட்டிஷ் குடும்பம் ஒன்று தன் நாயை பிரான்ஸுக்குக் கூட்டிப்போக, செல்லப்பிராணி பாஸ்போர்ட் ஒன்று இருந்தால் போதும். வருஷக்கணக்கில் செல்லும். இப்போது ஒவ்வொரு பயணத்துக்கும் கால்நடை மருத்துவரிடம் தனிச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதுவும் ஐரோப்பாவுக்குள் நுழைவதற்கு முந்தைய பத்து நாளுக்குள். வெளியேறலாம் என்று ஓட்டுப் போட்டவர்கூட கடைத்தெருவில் நின்று இதைப் பற்றி மனம்விட்டுப் பேசுவார். "நீங்கள் போட்டது தப்பு" என்று தொடங்கினால் அவர் நடந்துகொண்டே இருப்பார்.

அடுத்தது சிப்பி. தென்மேற்குக் கடலோரத்திலும் வேல்ஸிலும் சிப்பி வளர்த்து உயிரோடு ஐரோப்பாவுக்கு அனுப்பிவந்தார்கள். அங்கே கொண்டுபோய்ச் சுத்திகரித்து விற்பார்கள். ஐரோப்பிய விதிப்படி, இரண்டாம் தர நீரில் வளர்ந்த சிப்பியைச் சுத்திகரிக்காமல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவர முடியாது. பிரிட்டன் வெளிநாடாகிவிட்டது. 2021 ஜனவரியில் அந்த வியாபாரம் அப்படியே நின்றது. கடல் மாறவில்லை, சிப்பி மாறவில்லை, வாங்குகிறவர்களும் அதே ஆட்கள்தான்.

கார்ன்வாலைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் கணக்கில் மிகப் பின்தங்கிய பகுதிகளில் ஒன்றாக அது இருந்தது. அதனாலேயே 1999-க்குப் பிறகு அங்கே நிதி கொட்டியது. பென்ரினில் பல்கலைக்கழக வளாகம், ஈடன் ப்ராஜெக்ட் என்ற பெரிய தாவரப் பூங்கா, எல்லாவற்றிலும் ஐரோப்பியப் பணம் உண்டு. பலகைகளில் பன்னிரண்டு நட்சத்திரக் கொடியும் இருந்தது. அப்படியும் 56.5 சதவீதம் பேர் வெளியேறலாம் என்றே போட்டார்கள். வாக்கெடுப்புக்கு மறுநாளே அங்கத்து கவுன்சில், எங்கள் நிதிக்கு ஈடு வேண்டும் என்று கேட்டது.

இதைச் சொல்லி அந்த ஊர் ஜனங்களைக் கேலி பேசியவர்கள் நிறைய. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சுற்றுலா சீசனில் மட்டும் வேலை, சம்பளம் குறைவு, வெளியூர்க்காரர்கள் விடுமுறைக்கென்று வீடு வாங்கிப்போட்டதால் உள்ளூர் வாலிபனுக்கு வீடு எட்டாத விலை. வளாகம் வந்தது, அவன் வாழ்க்கை மாறவில்லை. ஐரோப்பாவோடு நெருக்கம் வேண்டும் என்று கேட்கிறவர்கள் இந்தக் கோபத்தை முதலில் காது கொடுத்துக் கேட்க வேண்டும். கார்ன்வாலிலும் டெவனிலும் மேஜை போட்டு நிற்கிறவர்களுக்கு வேலை ஆக்ஸ்ஃபோர்டைவிடக் கடினம். அங்கே நிற்கிறவர்கள்மேல்தான் எனக்கு மரியாதை அதிகம்.

[திரையில்: கடவுச்சீட்டுகள்.]

தமிழர்களைத் தொட்ட ஒரு விஷயமும் இதில் உண்டு. 2016 வாக்கெடுப்பில் ஓட்டுரிமை யாருக்கு? பிரிட்டிஷ், ஐரிஷ் குடிமக்களுக்கும், பிரிட்டனில் சட்டப்படி வசிக்கும் காமன்வெல்த் நாட்டவர்களுக்கும். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருந்தவர்கள் ஓட்டுப் போடலாம். ஆனால் நெதர்லாந்திலோ ஜெர்மனியிலோ பிரான்ஸிலோ அகதியாகப் போய்க் குடியுரிமை வாங்கி, பிறகு பிள்ளைகளின் படிப்புக்காகவும் சொந்தபந்தத்துக்காகவும் பிரிட்டனுக்கு வந்து குடியேறிய ஈழத்தமிழர்கள் பலர் இருக்கிறார்களே, அவர்களால் முடியாது. ஒரே வீட்டில் இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருந்த அண்ணனுக்கு ஓட்டு, டச்சுப் பாஸ்போர்ட் வைத்திருந்த தங்கைக்கு இல்லை. முடிவால் நேரடியாகப் பாதிக்கப்பட்டது தங்கைதான்.

அப்படி ஓட்டு இல்லாதவர்கள் சும்மா இருக்கவில்லை. வாக்கெடுப்பு முடிந்த சில வாரங்களிலேயே பிரிஸ்டல் பக்கத்தில் ஐரோப்பியக் குடிமக்கள் சிலர் கூடி 'த த்ரீ மில்லியன்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். தற்காலிக வசிப்புரிமை வாங்கியவர் மறுபடி விண்ணப்பிக்கத் தவறினால் உரிமையே போய்விடும் என்று அரசு வைத்திருந்த விதியை எதிர்த்து வழக்கு வந்தபோது, அதில் இந்த அமைப்பும் தன் வாதத்தை வைத்தது. அந்த விதி சட்டவிரோதம் என்று 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

[திரையில்: ராயல் ஆல்பர்ட் ஹால் வாசல். நீலக் கொடிகள்.]

இன்னொரு பிரசாரம் பார்க்கவே அழகு. ஒவ்வொரு செப்டம்பரிலும் லண்டனில் ப்ராம்ஸ் இசைவிழாவின் கடைசி இரவன்று, மண்டப வாசலில் தொண்டர்கள் ஐரோப்பியக் கொடிகளை இலவசமாகக் கொடுக்கிறார்கள். நட்சத்திரம் பதித்த நீலத் தொப்பியும் உண்டு. தொலைக்காட்சியில் பிரிட்டிஷ் கொடிகளுக்கு நடுவே நீலம் அலையடிக்கும். இதில் வெறும் உணர்ச்சி மட்டும் இல்லை, ஒரு கோரிக்கையும் இருக்கிறது. இசைக்குழுவின் சாமான் ஏற்றிய 3.5 டன்னுக்கு மேற்பட்ட பிரிட்டிஷ் லாரி, ஐரோப்பாவுக்குள் மூன்று நிறுத்தங்களோடு திரும்பிவிட வேண்டும் என்பது இப்போதைய விதி. பத்து ஊர்க் கச்சேரி போட்ட குழு என்ன செய்யும்? பெரிய குழு ஐரோப்பாவில் வேறு லாரி பிடிக்கும். வளர்ந்துவருகிற குழு பயணத்தையே கைவிடும்.

இப்போது நிலைமை எங்கே நிற்கிறது? 2024-ல் ஆட்சிக்கு வந்த லேபர் கட்சி, பொதுவான விதிகளோடு வியாபாரம் நடக்கிற ஐரோப்பிய ஒற்றைச் சந்தை, உறுப்பு நாடுகளுக்குள் சுங்கவரி இல்லாத சுங்க ஒன்றியம், தடையில்லாக் குடிபெயர்வு மூன்றுக்கும் திரும்ப மாட்டோம் என்று தேர்தல் அறிக்கையிலேயே சொல்லிவிட்டது. அந்தக் கோட்டுக்குள் நின்றுதான் 2025 மே 19-ல் லண்டனில் ஐரோப்பிய ஒன்றியத்தோடு புது உடன்பாடு போட்டார்கள். உணவுப்பொருள், கால்நடைச் சோதனைகளைக் குறைக்கப் பேச்சுவார்த்தை, செல்லப்பிராணி பாஸ்போர்ட், இளைஞர் பரிமாற்றத் திட்டம் எல்லாம் அதில் இருந்தன. பதிலுக்கு ஐரோப்பியப் படகுகள் பிரிட்டிஷ் கடலில் மீன்பிடிக்கும் அனுமதி 2038 வரை நீண்டது. மீனவர்கள் கொதித்தார்கள். அந்தக் கொதிப்பில் நியாயமும் இருக்கிறது.

எனக்கு அதிக மகிழ்ச்சி தந்தது அந்த டிசம்பரில் வந்த செய்தி. மாணவர்கள் ஐரோப்பியக் கல்லூரிகளில் படித்துத் திரும்ப உதவும் எராஸ்மஸ் திட்டத்தில் 2027-ல் பிரிட்டன் மறுபடி சேர்கிறது. முதல் ஆண்டுச் செலவு சுமார் 57 கோடி பவுண்டு. 2020 கடைசியில் விட்டதை ஆறு வருஷத்துக்கு அப்புறம் திரும்பப் பெறுகிறார்கள். இது உள்ளூர்க் குழுக்களின் சாதனை மட்டுமே என்று சொன்னால் அது மிகை. பல்கலைக்கழகங்கள் கேட்டன, ஐரோப்பிய ஒன்றியமும் கேட்டது. ஆனால் இடைப்பட்ட வருஷங்களில் எராஸ்மஸ் என்ற பேர் எம்.பி.க்களின் தபாலில் வந்துகொண்டே இருந்ததற்கு இந்தக் குழுக்கள் ஒரு முக்கியக் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2022-க்குப் பிறகு யூகவ் கருத்துக்கணிப்புகளில் பாதிக்கு மேற்பட்டோர் வெளியேறியது தவறு என்கிறார்கள். சரி என்பவர்கள் மூன்றில் ஒரு பங்கு அளவே. இருந்தும், மறுபடி சேருவோம் என்று இரண்டு பெரிய கட்சிகளும் வாயைத் திறப்பதில்லை. இந்த இடைவெளிக்குத் தொகுதி முறையும் ஒரு காரணம் என்பதால், ஐரோப்பிய ஆதரவுக் குழுக்களில் பல, ஓட்டு விகிதத்துக்கு ஏற்ற இடங்கள் தரும் தேர்தல் முறையையும் சேர்த்தே கேட்கின்றன.

[திரையில்: பல்கலைக்கழக வாசலில் ஒரு மேஜை.]

ஒரு குறையைச் சொல்லாமல் விட முடியாது. கடைத்தெரு மேஜைக்குப் பின்னால் நிற்கிறவர்களில் பெரும்பாலோர் தலை நரைத்தவர்கள். சனிக்கிழமை நேரம் இருப்பது அவர்களுக்குத்தான். ஓட்டு வயதை 16 ஆக்கப் போவதாக 2025 ஜூலையில் அரசு அறிவித்தது. அடுத்த பொதுத்தேர்தல் 2029-க்குள் வந்தாக வேண்டும். அப்போது 16 வயதாகும் பிள்ளைக்கு, வாக்கெடுப்பு நடந்தபோது வயது மூன்று. பிரெக்ஸிட் சண்டையே அவர்களுக்கு ஞாபகம் இருக்காது. எராஸ்மஸில் யார் யார் போகலாம், பாரிஸில் வேலை பார்க்க விசா வேண்டுமா என்பதுதான் அவர்களுடைய கேள்வி. அதற்குப் பதில் சொல்லத் தெரிந்த, அவர்கள் வயதுக்கு நெருக்கமான ஆட்கள் அந்த மேஜைக்கு இப்போதே தேவைப்படுகிறார்கள்.