ஒரே கடலில் இரண்டு காட் மீன்கள்

நேயர்களுக்கு வணக்கம். காட் லிவர் ஆயில் மாத்திரையை நம்மில் பலர் சிறு வயதில் விழுங்கியிருப்போம். அந்த எண்ணெயைத் தரும் அட்லாண்டிக் காட் மீனைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன். நாம் ஒரே இனம் என்று கணக்கெழுதும் இந்த மீனுக்குள் தனித்தனிக் கூட்டங்கள் இருக்கின்றன. ஒன்று அழிந்தால் இன்னொன்று வந்து அந்த இடத்தை எளிதில் நிரப்பிவிடாது. மீன்பிடி விதிகளை எழுதுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நார்வே நாட்டின் வடபகுதியில் லொஃபோட்டன் தீவுகள் இருக்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை, ஆர்க்டிக் பகுதியில் உள்ள பேரண்ட்ஸ் கடலிலிருந்து காட் மீன்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீந்தி முட்டையிட இங்கே வருகின்றன. இப்படி வலசை வரும் மீனை அங்குள்ளவர்கள் ‘ஸ்க்ரை’ என்கிறார்கள். அதே கரையோரத்தில், மலைகளுக்கு இடையே உள்ள கடற்கழிகளில், ஆண்டு முழுவதும் அங்கேயே வாழும் காட் மீனும் உண்டு. முட்டையிடும் காலத்தில் இரண்டும் ஒரே வலையில் ஏறும்.

அப்புறம் எப்படிப் பிரிப்பது? கத்தாழை மீன் கழுவியவர்களுக்கு அதன் தலைக்குள் இருக்கும் வெள்ளைக் கல் தெரியும். காட் மீனுக்கும் அந்தச் செவிக்கல் உண்டு. அதில் ஆண்டுதோறும் ஒரு வளையம் படியும். அந்த உள் வளையங்களின் வடிவத்தை வைத்தே இரண்டையும் அடையாளம் காணலாம் என்று குன்னார் ரோலெஃப்சன் என்ற நார்வே ஆய்வாளர் 1930-களில் காட்டினார். ஆனால் இந்த வேறுபாடு பிறப்பில் வந்ததா, வளர்ந்த இடத்தால் வந்ததா என்ற விவாதம் பல பத்தாண்டுகள் நீண்டது.

2011-இல் ஆஸ்லோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையில் காட் மீனின் முழு மரபணுத் தொகுதி வெளியானது. மற்ற முதுகெலும்பிகளின் நோய் எதிர்ப்புக்கு அடிப்படையான ஒரு மரபணுக் குடும்பமே இந்த மீனிடம் இல்லை என்பது அப்போது தெரிந்து எல்லோரும் வியந்தார்கள். அதைப் பற்றித் தனியாகவே ஓர் உரை நிகழ்த்தலாம். வேறுபாடு பிறப்பில் வந்ததா என்ற கேள்விக்குத் தெளிவு தந்தது, டினா கிரேஸ்லின் கிருபாகரனை முதல் ஆசிரியராகக் கொண்ட 2016-ஆம் ஆண்டு ஆய்வு. காட் மீனின் முதலாம் குரோமோசோமில், ரயிலின் நடுவில் சில பெட்டிகளைக் கழற்றித் திருப்பி மாட்டியதுபோல, அடுத்தடுத்து இரண்டு துண்டுகள் தலைகீழாக இருக்கின்றன. ஸ்க்ரை மீன்களில் பெரும்பாலும் ஒரு வடிவம், கரையோர மீன்களில் பெரும்பாலும் மற்றது. இரண்டு வடிவங்களும் ஒரே மீனில் சேர்ந்தாலும், அந்தப் பகுதியில் உள்ள நூற்றுக்கணக்கான மரபணுக்கள் கலைந்து கலப்பதில்லை. மொத்தமாகவே குஞ்சுக்குப் போகின்றன. மற்ற குரோமோசோம்களில் இரண்டு கூட்டங்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

இது ஆய்வகத்தோடு நின்றுவிடவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. லொஃபோட்டனில் ஹென்னிங்ஸ்வேர் ஊரை ஒட்டிய முட்டையிடும் பகுதியில் கரையோர மீனைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. அங்கே பிடித்த மீன்களின் திசுவை அனுப்பினால், ஒரு நாளுக்குள் மரபணுச் சோதனை முடிந்துவிடும். ஸ்க்ரையின் பங்கு 70 விழுக்காட்டைத் தாண்டினால் மட்டும் படகுகளுக்கு அந்தப் பகுதியைத் திறந்துவிட்டார்கள். மீன்பிடியை நிர்வகிக்க மரபணுவை இவ்வளவு நேராகப் பயன்படுத்திய இன்னோர் உதாரணத்தைச் சொல்வது கடினம்.

இதே குரோமோசோம் அடையாளம் வரலாற்றுக்கும் உதவியது. இன்றைய வடஜெர்மனியில் ஹைதாபு என்ற வைக்கிங் காலத் துறைமுகம் இருந்தது. அங்கே கிடைத்த காட் எலும்புகளின் மரபணுவைப் படித்த 2017 ஆய்வு, அவை தொலைதூர ஆர்க்டிக் கூட்டமான ஸ்க்ரையைச் சேர்ந்தவை என்றது. அதாவது, உப்பே போடாமல் குளிர்காற்றில் காயவைத்த லொஃபோட்டன் கருவாடு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அவ்வளவு தூரம் விற்பனைக்குப் போயிருக்கிறது.

சரி, அளவுக்கு மீறிப் பிடித்தால் மரபணுவே மாறுமா? கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் 1992 ஜூலையில் காட் மீன்பிடிப்பை அரசு நிறுத்தியது. பல்லாயிரம் பேர் வேலை இழந்தார்கள். ஆனால் அந்தக் கடலின் 1940-களின் மீனையும், நார்வேயின் 1907-ஆம் ஆண்டு மீனையும் இன்றைய மீனோடு ஒப்பிட்ட 2021 ஆய்வில், மரபணு வளம் பெரிதாகக் குறைந்ததற்கான தடயம் இல்லை. அது ஆறுதலான செய்தி.

வட ஐரோப்பாவின் பால்டிக் கடலின் செய்தி அப்படி இல்லை. ஜெர்மனியின் கீல் நகரில் உள்ள ஜியோமார் கடல் ஆய்வு மையத்தினர் 1996 முதல் 2019 வரை சேமித்த செவிக்கற்களைப் படித்து 2025-இல் முடிவை வெளியிட்டார்கள். கிழக்கு பால்டிக் காட் மீன் எட்டக்கூடிய உச்ச நீளம் அந்தக் காலத்தில் 48 விழுக்காடு குறைந்திருக்கிறது. ஆழத்தில் ஆக்சிஜன் குறைந்ததும் அந்த மீனை வாட்டியது உண்மைதான். ஆனால் வேகமாக வளர்வதோடு தொடர்புடைய மரபணு வடிவங்களும் கூடவே அரிதாகியிருக்கின்றன. பெரிய மீனை இழுவலை அள்ளியது. மெதுவாக வளர்ந்தவை வலைக்கண் வழியே தப்பி முட்டையிட்டன. 2019-இல் அங்கே காட் மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டது. இப்போது கடலில் மிஞ்சியிருப்பது சிறுத்தே வளரும் பெற்றோரின் குஞ்சுகள் என்பதால், பழைய அளவு திரும்பப் பல தலைமுறைகள் ஆகலாம்.

நன்றி, வணக்கம்.