ஜெயிச்சவங்க சொன்னதைச் செய்யறாங்களா? பாண்டியில நின்னு பேசறேன்

வணக்கம் மக்களே! இப்ப நான் நிக்கறது முதலியார்பேட்டை, கடலூர் ரோடு. பின்னாடி நீளமா ஒரு மதில் தெரியுதா? அதான் ரோடியர் மில்லு. பேப்பர்ல ஏ.எஃப்.டி.ன்னு எழுதுவாங்க, ஆங்கிலோ ஃபிரெஞ்ச் டெக்ஸ்டைல்ஸ். 1898-ல ஆரம்பிச்சது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அடிச்சதுல இந்த மில்லுக்கு சரியான சேதம். அதுக்கப்புறம் எழுந்திருக்கவே இல்ல. 2020 ஏப்ரலோட முறைப்படி மூடிட்டாங்க. ஆனா எலெக்‌ஷன் வந்தா போதும், 'மில்லைத் திறப்போம்'னு யாராவது மைக் பிடிச்சு சொல்லுவாங்க.

"சொல்றதை எவன் செய்யறான்"னு டீக்கடையில சுலபமா சொல்லிட்டுப் போயிடறோம். எனக்கு அதுல உடன்பாடு இல்ல. செய்யறாங்க, நிறையவே செய்யறாங்க. வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் 12 நாட்டுல 20,000-க்கும் மேல வாக்குறுதிகளை எடுத்து ஆராய்ஞ்சு 2017-ல ஒரு கட்டுரை போட்டாங்க. ஒரே கட்சி தனியா ஆட்சியில இருந்தா அதிகமா நிறைவேறுது, அதிகாரத்தைப் பங்கு போட்டுக்கிட்டா குறையுதுன்னு அதுல வருது. அதைப் படிச்சதும் எனக்கு நம்ம பாண்டிதான் ஞாபகம் வந்துச்சு. ஏன்னா, இங்க பங்கு ரொம்ப அதிகம்.

நமக்கு 1963-ஆம் வருஷத்து யூனியன் பிரதேசச் சட்டம். நாம ஓட்டு போட்டு அனுப்பற எம்.எல்.ஏ. 30 பேரு. அதுக்கு மேல மத்திய அரசு மூணு பேரை நியமிக்கலாம். பாண்டி அரசைக் கேக்காமலே நியமிக்கலாம், அவங்களுக்கு சபையில ஓட்டும் உண்டுன்னு 2018 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு. இதுக்கெல்லாம் மேல துணைநிலை ஆளுநர். ஃபைல் அங்க போயி வரணும்.

மாநில அந்தஸ்தையே எடுத்துக்கோங்க. ரங்கசாமி 2011-ல என்.ஆர். காங்கிரஸ் ஆரம்பிச்சப்பவே முக்கியமான கோரிக்கை அதுதான். அந்த வருஷமே ஜெயிச்சாரு. 2021-ல மறுபடியும் முதலமைச்சர் ஆனாரு. நம்ம சட்டசபையில இதுவரைக்கும் பத்துக்கும் மேல தீர்மானம் போட்டிருக்காங்க. கட்சி பேதமே இல்லாம கை தூக்கியிருக்காங்க. ஆனா புது மாநிலம் உருவாக்கற அதிகாரம் அரசியல் சட்டம் 3-ஆவது பிரிவுப்படி பாராளுமன்றத்துக்குத்தான். இங்க போடற தீர்மானம் டெல்லிக்கு ஒரு வேண்டுகோள், அவ்வளவுதான். அப்போ "வாங்கித் தருவோம்"னு சொல்றது எப்படி சரியாகும்? "போராடுவோம், இத்தனை பேரைப் பார்ப்போம், இந்த வழியில அழுத்தம் குடுப்போம்"னு சொல்லுங்க. அதுக்கு நான் ஓட்டு போடறேன்.

ரேஷன் அரிசி கதை இன்னும் வலிக்கற கதை. அப்போ முதலமைச்சரா இருந்த நாராயணசாமியோட ஆட்சி அரிசியாக் குடுக்கணும்னு சொல்லுது, ஆளுநரா இருந்த கிரண் பேடி பணமா அக்கவுன்ட்டுல போடணும்னு சொல்றாங்க. 2019 பிப்ரவரியில முதலமைச்சரே கறுப்புச் சட்டை போட்டுக்கிட்டு ஆளுநர் மாளிகையான ராஜ்நிவாஸ் வாசல்ல ராத்திரியெல்லாம் தர்ணா உக்காந்தாரு. அடுத்த ரெண்டு மாசத்துல சென்னை ஹைகோர்ட்ல ஒரு நீதிபதி, அன்றாட நிர்வாகத்துல ஆளுநர் தலையிடக் கூடாதுன்னு தீர்ப்பு குடுத்தாரு. 2020 மார்ச்ல ரெண்டு நீதிபதி அமர்வு அந்தத் தீர்ப்பை ரத்து பண்ணிடுச்சு. இந்த இழுபறியில ரேஷன் கடையே மூடிக் கிடந்துச்சு. 2021-ல ஆட்சி மாறியும் உடனே திறக்கல, 2024 தீபாவளிக்கு முன்னாடிதான் திறந்து அரிசி போட்டாங்க. கூலி வேலைக்குப் போற குடும்பத்துக்கு அத்தனை வருஷம் கடை மூடியிருந்தது சின்ன விஷயம் இல்லைங்க. பணம் வந்துச்சுன்னு சொல்லலாம். வந்த பணத்துல அந்த அளவு அரிசி வெளிக்கடையில வாங்க முடிஞ்சுதான்னு எந்த வீட்டுலயாவது போய்க் கேட்டுப் பாருங்க.

தென்பெண்ணையைத் தாண்டி கடலூர் போயிட்டா நிலைமை வேற. தி.மு.க. 2021-ல டவுன் பஸ்ல பெண்களுக்கு இலவசம்னு சொன்னாங்க, மே 7-ஆம் தேதி பதவியேத்த அன்னிக்கே கையெழுத்து ஆயிடுச்சு. பஸ் அவங்களோடது, காசு அவங்களோடது. அதே தேர்தல் அறிக்கையில நீட் ரத்துன்னும் இருந்துச்சு. சட்டசபையில ரெண்டு தடவை மசோதா நிறைவேத்தியும் ஜனாதிபதி ஒப்புதல் கிடைக்கல. இதை நம்பி ஒரு வருஷம் வீட்டுல உக்காந்த பசங்களை நினைச்சா எனக்கு மனசு ஆறல. முடிவு டெல்லி கையிலன்னு அன்னிக்கே ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

நான் கோவப்படறது வேற ஒரு வகைக்கு. கையில அதிகாரம் இருந்தும் செய்யாம விடறாங்க பாருங்க, அதுக்கு. மாசா மாசம் கரண்ட் பில் கணக்கெடுப்போம்னு அதே தி.மு.க. அறிக்கையில இருந்துச்சு. நாலு வருஷம் கழிச்சும் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவைதான் எடுத்தாங்க. இதுக்கு டெல்லியைக் கை காட்ட முடியாது.

தேர்தல் அறிக்கையில வாக்குறுதி குடுக்கறது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது, ஆனா அதுக்கு வழிமுறை வகுக்கணும்னு 2013 ஜூலையில சுப்ரீம் கோர்ட் தேர்தல் ஆணையத்துக்கு சொல்லுச்சு. அடுத்த வருஷம் நடத்தை விதியில ஒரு பகுதி சேர்ந்துச்சு: வாக்குறுதி குடுத்தா, அதுக்குப் பணம் எங்கேர்ந்து வரும்னு பொதுவாவாவது சொல்லணும். இந்த விதி இருக்கறது நம்மில எத்தனை பேருக்குத் தெரியும்? ரோடியர் மில்லைத் திறக்கறேன்னு சொல்றவங்க மெஷினுக்கு எவ்வளவு, நூலுக்கு எவ்வளவு, யார் கடன் குடுப்பாங்கன்னு சொல்லியே ஆகணும். எட்டு மணி நேர வேலை கேட்டு 1936-ல 12 மில் தொழிலாளிங்க குண்டடிபட்டு செத்த ஊருங்க இது. இங்க மில்லு பேரைச் சொல்லி ஓட்டு கேக்கறதுக்கு ஒரு பொறுப்பு வேணும்.

இன்னொண்ணு, இதை யாரும் பேசறதில்ல. பாண்டியில உள்ளாட்சித் தேர்தல் கடைசியா நடந்தது 2006-ல. 2011-ல அவங்க பதவிக்காலம் முடிஞ்சுது. அதனாலதான் தெரு வாய்க்காலுக்கும் லைட்டுக்கும்கூட எம்.எல்.ஏ. வேட்பாளர் வாக்குறுதி குடுக்கறாரு, நாமளும் அவரைத்தான் கேக்கறோம். அடுத்த தடவை உங்க வீட்டுக்கு ஓட்டு கேட்டு வர்றவங்கள நிறுத்தி இந்த ஒண்ணைக் கேளுங்க: "உள்ளாட்சித் தேர்தலை எந்த மாசம் நடத்துவீங்க?" பதிலை ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணி வச்சுக்கோங்க.