பிள்ளை மடுவத்துச் சாவியைக் கேட்டு வாங்குங்கள்

மதிப்புக்குரிய பீடாதிபதி அவர்களே, உப பீடாதிபதிகளே, விரிவுரையாளர்களே, வலயக் கல்விப் பணிமனைகளிலிருந்து நேரம் ஒதுக்கி வந்திருக்கிற பணிப்பாளர்களே, அதிபர்களே, பழைய மாணவர் சங்கத்தாரே, இன்றைக்கு டிப்ளோமாவோடு வெளியே போகப்போகிற தம்பி தங்கைகளே, அவர்களைப் பெற்ற அம்மா அப்பாக்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

முதலில் பீடாதிபதி அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். நான் இந்த ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் படித்தவன் இல்லை, பக்கத்திலே இருக்கிற கொட்டகலை ஆசிரியர் கலாசாலைக்காரன். அப்படியிருந்தும் என்னைக் கூப்பிட்டு, பழைய மாணவர்களும் புதியவர்களும் ஒன்றாக உட்கார்ந்திருக்கிற இப்படி ஒரு சபையில் பேச வைத்திருக்கிறார். வாசலில் வரவேற்ற பிள்ளைகளுக்கு நன்றி. விடியற்காலையே எழுந்து இத்தனை பேருக்குச் சமைத்துக்கொண்டிருக்கிற சமையலறை ஊழியர்களை யாரும் மேடையில் சொல்வதில்லை, நான் சொல்கிறேன், அவர்களுக்கும் நன்றி. பணிப்பாளர்கள் இன்று வந்திருப்பது எனக்கு இரட்டிப்புச் சந்தோஷம், ஏனென்றால் நான் கடைசியில் கேட்கப்போகிற விஷயத்துக்கு அவர்களுடைய ஒரு கையெழுத்தும் தேவைப்படும்.

பெற்றோர் பக்கம் திரும்பி ஒரு வார்த்தை. நாளுக்கு 18 கிலோ, 20 கிலோ என்று கொழுந்து பறித்து, அட்டைக்கடியோடு மலையேறி இறங்கி, அந்தச் சம்பளத்தில் ஒரு பிள்ளையை உயர்தரம் வரைக்கும் படிக்க வைப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், என் அம்மாவும் கூடை சுமந்தவர்தான். இந்தச் சான்றிதழில் உங்கள் பெயரும் இருக்க வேண்டும் அம்மா. பிள்ளைகளே, கீழே இறங்கியதும் முதலில் அதை அவர்கள் கையில் கொடுங்கள், படம் எடுப்பதெல்லாம் அப்புறம்.

சரி, மூன்று விஷயம் பேசலாம் என்று வந்தேன். ஒன்று, இந்தக் கல்லூரி எந்த வழியாக நமக்கு வந்து சேர்ந்தது. இரண்டு, முதல் நியமனம் கிடைத்துப் போகும் ஆசிரியர் அந்தப் பாடசாலையில் எப்படிக் கால் ஊன்றுவது. மூன்று, தோட்டத்துக் கைக்குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிற பிள்ளை மடுவம். மூன்றையும் கட்டிப்போடுகிற ஒரு பழமொழி என்னிடம் இருக்கிறது, என்னோடு வேலை செய்தவர்கள் இதை நிறையத் தடவை கேட்டிருப்பார்கள்: ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும்.

1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துப் படிப்பிக்கிற பொறுப்பைத் தோட்டத்துரைமாரின் தலையில் வைத்தது. நடந்தது என்ன? ஒரு அறை, ஒரு வாத்தியார், ஐந்து வகுப்பு. 1945இல் கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கரா அவர்களின் முயற்சியால் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோது கிராமத்துப் பாடசாலைகள் எழும்பின, தோட்டப் பாடசாலை தோட்டத்தின் கையிலேயே நின்றுவிட்டது. அடுத்த மூன்று வருடத்தில், 1948இல், நம் தோட்டத்து மக்களின் குடியுரிமையே போய்விட்டது. எழுபதுகளில் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போன பிறகுதான் பாடசாலைகளையும் அரசாங்கம் ஏற்கத் தொடங்கியது. எண்பதுகளில் ஸ்வீடன் நாட்டு உதவியோடு கட்டிடங்கள் வந்தன, இன்றைக்கும் அதைச் ‘சீடா கட்டிடம்’ என்றே சொல்கிறோம். கட்டிடம் வந்தது, படிப்பிக்க ஆள்? பயிற்றப்பட்ட ஆசிரியர் நம் பிள்ளைகளிலிருந்தே வர வேண்டும் என்ற யோசனையில்தான் தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஜேர்மனி நாட்டு உதவியோடு, பத்தனையில் இந்த ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழும்பியது.

இதில் எந்தக் கட்டமும் ஒரு ஆளால் நடக்கவில்லை. தொழிற்சங்கத் தலைவர்கள் பேசினார்கள், வாத்தியார்மார் மனு எழுதினார்கள், அதிகாரிகளில் நல்ல மனசுக்காரர்கள் கோப்பை நகர்த்தினார்கள், பெற்றோர் சிரமதானத்துக்கு வந்து மண் சுமந்தார்கள். ஊர் கூடி இழுத்த தேர் இது. கல்வியியற் கல்லூரிகளைப் பல்கலைக்கழக மட்டத்துக்கு உயர்த்தி இங்கேயே பட்டம் கொடுக்க வேண்டும் என்ற பேச்சும் இருக்கிறது. அது நடக்க வேண்டும், அதற்கும் பழைய மாணவர் சங்கம் குரல் கொடுக்க வேண்டும். அதை இன்னொரு நாளைக்கு விரிவாகப் பேசுவோம்.

இப்போது நான் வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பித்தேன், தோட்டத்தின் பெயர் வேண்டாம். சாதாரண தர வகுப்பில் வகுப்பறையில் கணக்கைப் பிடித்துக்கொள்கிற பிள்ளைகள் மறுநாள் வீட்டு வேலை செய்யாமல் வருவார்கள். கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார்கள். ஒரு நாள் பின்னேரம் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துப் பக்கம் போய்ப் பார்த்தேன். உங்களில் பலருக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. அடுப்புப் புகை, பாட்டியின் இருமல், அப்பா, அம்மா, சின்னதுகள் மூன்று, பக்கத்துக் காம்பராவின் ரேடியோ. வகுப்பில் நன்றாகக் கணக்குச் செய்கிற பெண்பிள்ளை வாசல்படியில் குந்தியிருந்து, அரிசி மூட்டைக்கு மேலே கொப்பியை வைத்து, உள்ளேயிருந்து வருகிற வெளிச்சத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். இதற்கு மேல் அந்தப் பிள்ளையை நான் என்ன கேட்பது?

திரும்பி வரும்போது பிள்ளை மடுவத்தைப் பார்த்தேன். காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்துக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடம், நம் பெரியவர்கள் பிள்ளைக் காம்பரா என்பார்கள். நல்ல கூரை, சீமெந்துத் தரை, மின்சாரம் இருக்கிறது, சுவரில் ஒரு கரும்பலகைகூட இருக்கிறது. பின்னேரம் அம்மாமார் வந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனதும் பூட்டிவிடுவார்கள். இரவெல்லாம் சும்மா கிடக்கிறது. மடுவத்தைப் பார்த்துக்கொள்கிற அக்காவிடம் போய்ச் சாவி கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, “எம்புள்ளையும் பத்தாம் வகுப்புதான் சேர்” என்று சொல்லி இடுப்பில் சொருகியிருந்த சாவியை எடுத்துத் தந்தார். கணக்கப்பிள்ளை ஐயா எதிர்த்தார், ஏதாவது உடைந்தால் யார் பதில் சொல்வது என்றார். தோட்டத் தலைவர் வந்து, உடைந்தால் தொழிற்சங்கம் காசு கட்டும் என்றார். அன்றிரவே தொடங்கிவிட்டோம்.

ஒரு சிக்கல் மட்டும். மடுவத்துக் கதிரைகள் எல்லாம் மூன்று வயதுப் பிள்ளைக்குச் செய்தவை! பதினாறு வயதுப் பையன்கள் அதில் உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் முட்டும். ஆனாலும் உட்கார்ந்தார்கள், பைதகரஸ் தேற்றம் நடந்தது. ஒரு வாரம் போயிருக்கும். சம்பளப் பிரச்சினையில் வேலைநிறுத்தம் வரப்போகிறது என்று தோட்டமெல்லாம் பேச்சு ஓடிக்கொண்டிருந்த காலம் அது. இரவுக் காவற்காரர் மடுவத்தில் விளக்கு எரிவதையும் தலைகள் அசைவதையும் பார்த்துவிட்டு நேரே பங்களாவுக்கு ஓடிப்போய், மடுவத்தில் இரகசியக் கூட்டம் நடக்கிறது என்று சொல்லிவிட்டார். கொஞ்ச நேரத்தில் ஜீப் சத்தம். கதவு படாரென்று திறந்தது. டோர்ச் லைட்டோடு துரை, பின்னால் கிளாக்கர் ஐயா, அவருக்குப் பின்னால் கையில் தடியோடு காவற்காரர். பிள்ளைகள் பயந்து சட்டென்று எழும்பினார்கள். எல்லோரும் எழும்பினார்கள், வகுப்பிலேயே உயரமான பையனோடு அந்தச் சின்னக் கதிரையும் சேர்ந்து எழும்பியது! அவன் கதிரையோடு நிற்கிறான், கழற்றவும் முடியவில்லை, உட்காரவும் பயம். “என்னா கூட்டம் இங்க?” என்று துரை கேட்க, அவன் நிமிர்ந்து நின்று, “செங்கோண முக்கோணம் சேர்” என்றான்.

துரை சிரிக்கவில்லை. கரும்பலகையைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். சாவிக்குப் பொறுப்பு யார் என்று கேட்டார். எனக்கு நெஞ்சு திக்கென்றது, அக்காவுக்கு வேலை போய்விடுமே. ஜீப் சத்தம் கேட்டு ஓடிவந்து வாசலில் நின்ற அக்கா, முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, “நாந்தான் தொர, நாந்தான் குடுத்தேன்” என்றார். துரை ஒன்றும் பேசாமல் போய்விட்டார். அன்றிரவு எங்களில் ஒருவரும் தூங்கியிருக்க மாட்டோம். மறுநாள் பத்து மணிக்குத் தேயிலை ஸ்டோரிலிருந்து ஆசாரி வந்தார், தேயிலைப் பெட்டிப் பலகையோடு, இரண்டு நீள வாங்கு அடிப்பதற்கு. போகும்போது இரண்டு பல்பும் கொடுத்துவிட்டுப் போனார்.

கைதட்டியதற்கு நன்றி. ஆனால் கதை அங்கே முடியவில்லை. அடுத்த வருடம் எனக்கு இடமாற்றம் வந்தது. துரையும் வேறு தோட்டத்துக்குப் போனார். ஒரு மாதத்துக்குள் மடுவம் பழையபடி பின்னேரத்தில் பூட்டப்பட்டது என்று கேள்விப்பட்டேன். வாங்கு இருந்தது, பல்பு இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள், பொறுப்பெடுக்க ஆள் இல்லை. ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும் என்று நான் எல்லா மேடையிலும் சொல்வது இதனால்தான். ஒரு வாத்தியாரின் ஆர்வத்தை நம்பி நடக்கிற காரியம் அவருடைய இடமாற்றக் கடிதத்தோடு முடிந்துவிடும்.

இங்கே உட்கார்ந்திருக்கிற பழைய மாணவர்களைப் பாருங்கள். ஹட்டன், நுவரெலியா, கொத்மலை, பதுளை, பண்டாரவளை, மாத்தளை, இரத்தினபுரி, கேகாலை என்று எல்லாப் பக்கமும் இருக்கிறீர்கள். இன்றைக்குப் போகிறவர்களும் அப்படித்தான் பரவுவீர்கள். நீங்கள் படிப்பிக்கிற பாடசாலைக்குப் பக்கத்து டிவிஷனில் அநேகமாக ஒரு பிள்ளை மடுவம் இருக்கும். அதை மாலை ஆறு மணியிலிருந்து எட்டு மணிவரை படிப்பறையாகத் திறப்போம். இதுதான் என் வேண்டுகோள்.

சிலர் கேட்பார்கள், டியூஷன் இருக்கிறதே என்று. டவுனுக்குப் போய்வர பஸ் காசு யார் கொடுப்பது, கடைசி பஸ்ஸுக்குப் பிறகு பெண்பிள்ளை எப்படி லயத்துக்கு நடந்து வருவது? போன் இருக்கிறதே என்பார்கள். கொரோனாக் காலத்தில் சிக்னல் தேடி மலையுச்சிக்கு ஏறிய பிள்ளைகளை நாம் எல்லோரும் பார்த்தோம். வீடுதான் உண்மையான தீர்வு, சொந்தக் காணியில் தனி வீடு கொடுங்கள் என்பார்கள். நூற்றுக்கு நூறு சரி. 2023இல், நம் மக்கள் இந்த நாட்டுக்கு வந்து 200 வருடம் ஆனதை நினைத்து, மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோமே, அந்த நடையிலும் அதைத்தான் கேட்டோம், இன்னும் கேட்போம். ஆனால் இந்த வருடம் பத்தாம் தரத்தில் இருக்கிற பிள்ளை, வீடு வரும்வரை பரீட்சையைத் தள்ளிப்போட முடியாதே.

செய்வது கஷ்டமில்லை, ஆனால் ஒழுங்காகச் செய்ய வேண்டும். மடுவத்தைப் பார்க்கிற உத்தியோகத்தரைக் கேட்காமல் ஒன்றும் தொடங்காதீர்கள், பகலில் அது சின்னப் பிள்ளைகளின் இடம், ஒரு விளையாட்டுப் பொருள்கூட இடம் மாறக் கூடாது. தோட்ட நிர்வாகத்துக்கும், தோட்டத்து நலன்புரி வேலைகளைப் பார்க்கிற ட்ரஸ்டுக்கும் அதிபர் ஊடாகக் கடிதம் கொடுங்கள், வலயப் பணிப்பாளரின் சிபாரிசு இருந்தால் யாரும் மறுப்பது கடினம், அந்தக் கையெழுத்தைத்தான் முன்வரிசையிலிருக்கும் ஐயாமாரிடம் கேட்கிறேன். மின்சாரக் கட்டணத்தைப் பழைய மாணவர் சங்கமும் பெற்றோரும் பகிர்ந்துகொள்ளலாம். இரவில் எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும், அதில் ஒருவர் கட்டாயம் பெண். முடிந்ததும் லயம் லயமாகக் கூட்டமாக அனுப்புங்கள், சிறுத்தை நடமாடுகிற தோட்டங்களில் பெற்றோர் வந்து கூட்டிப்போகட்டும். உயர்தரம் படிக்கிற பிள்ளைகளை ஐந்தாம் தரப் பிள்ளைகளோடு உட்கார வையுங்கள், சொல்லிக்கொடுக்கும்போதுதான் தனக்கே பாடம் பிடிபடும், இதைக் கல்வியியல் படித்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முக்கியமாக, உங்களுக்கு இடமாற்றம் வந்தால் சாவியை வாங்கிக்கொள்ள இன்னொருவரைக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

முதல் நியமனத்தைப் பற்றிப் பேசுவதாகச் சொன்னேன், நேரம் காணாது. கட்டுறுப் பயிற்சியில் ஒரு வருடம் பாடசாலையில் நின்றிருக்கிறீர்கள், உங்கள் விரிவுரையாளர்கள் சொல்லித் தந்திருப்பார்கள். நான் சேர்ப்பது ஒன்றே ஒன்று, போன முதல் வாரத்திலேயே ஒரு பின்னேரம் லயத்துக்குப் போய்ப் பாருங்கள்.

வாசலுக்குப் பக்கத்து மேசையில் சங்கத்துச் செயலாளர் ஒரு கொப்பி வைத்திருக்கிறார். சாப்பாட்டுக்குப் போகுமுன் எல்லோரும் அதில் எழுதுங்கள். பெயர், போன் நம்பர், பாடசாலை, கிட்டடியில் இருக்கிற மடுவம், சாவி யார் கையில் என்ற விவரம். தோட்டத்தின் பெயரை மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள், மேல்பிரிவா கீழ்பிரிவா என்று டிவிஷன் பெயரையும் சேர்த்து எழுதுங்கள், ஒரே தோட்டத்தில் மூன்று மடுவம் இருக்கும், பிறகு எது என்று தேட முடியாது. ஹட்டன், நுவரெலியா வலயங்களில் வேலை செய்கிறவர்கள் சாப்பிட்டதும் கலைந்துவிட வேண்டாம், இதே மண்டபத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, முதலில் திறக்கிற மடுவங்கள் எவை என்று இன்றைக்கே முடிவு செய்வோம்.