வால்பாறைக் காடுகளைக் காதால் அறிவது

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு காடு நன்றாக இருக்கிறதா என்று கேட்டால், நம்மில் பலரும் அதன் பச்சையைப் பார்த்துத்தான் பதில் சொல்வோம். அந்தப் பச்சையை நம்பிவிட முடியாது என்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

அமெரிக்காவின் சியரா நெவாடா மலையில் லிங்கன் மெடோ என்று ஓர் இடம். பெர்னி க்ராஸ் என்ற ஒலிப்பதிவாளர் 1988இல் அங்கே விடியற்காலை ஒலிகளைப் பதிவு செய்தார். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில மரங்களை மட்டும் வெட்டினால் காட்டுக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லி, அதன் பிறகு ஒரு மரக் கம்பெனி வெட்டியது. அடுத்த ஆண்டு அதே மாதம், அதே இடத்தில் மறுபடி பதிவு செய்தார். புகைப்படத்தில் வித்தியாசமே இல்லை. ஒலிப்பதிவில் ஓடைச் சத்தமும் ஒரு மரங்கொத்தி தட்டுவதும்தான் பெரிதாகக் கேட்டன. பறவைக் குரல்களில் பெரும்பகுதி காணாமல் போயிருந்தது.

இப்போது நம் ஆனைமலைக்கு வருவோம். வால்பாறைப் பீடபூமியில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மழைக்காட்டை அழித்துத் தேயிலையும் காப்பியும் போட்டார்கள். எஸ்டேட்டுகளுக்கு நடுவே துண்டு துண்டாகச் சில காடுகள் மட்டும் மிஞ்சின. அவற்றில் சீரழிந்த சில துண்டுகளில் காட்டை ஆக்கிரமித்த உண்ணிச்செடியை அகற்றி, அந்த மண்ணுக்கே உரிய மரக்கன்றுகளை நட்டு, 2000ஆம் ஆண்டையொட்டி ஒரு மீட்புப் பணியை நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு தொடங்கியது. இருபது ஆண்டுகளில் மரம் வளர்ந்துவிட்டது. சரி, அங்கே வாழ வேண்டிய உயிர்கள் திரும்பி வந்தனவா?

இதைத் தெரிந்துகொள்ளத்தான் ஒலிப்பதிவுக் கருவிகளை மரங்களில் கட்டினார்கள். ஆடியோமாத் என்று ஒரு கருவி இருக்கிறது. தீப்பெட்டியைவிடச் சற்றே பெரியது. மூன்று சாதாரண பேட்டரியில் ஓடும். சொன்ன நேரத்துக்குத் தானே விழித்துப் பதிவு செய்து, மெமரி கார்டில் சேமித்துக்கொள்ளும். மனிதர் போய் நின்றால் பறவை அடங்கிவிடும். இது அசையாமல், அட்டைக்கடியும் மழையும் பொருட்படுத்தாமல், நடு இரவிலும் கேட்டுக்கொண்டிருக்கும். இருவாச்சிப் பறவை குரலே கொடுக்காமல் பறந்து போனால்கூட அதன் சிறகோசை பதிவாகிவிடும்.

கை வைக்காத மழைக்காடு, நட்டு மீட்ட காடு, தானாக வளரட்டும் என்று விட்ட காடு என மூன்றையும் ஒப்பிட்ட ஆய்வு 2023இல் வெளியானது. எனக்கு அதில் மிகவும் முக்கியமாகப் படுவது இரவு. பகலில் மூன்றுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. இருட்டிய பிறகுதான் பிரிந்து தெரிந்தன. கை வைக்காத காட்டில்தான் ஒலி அதிகம் நிறைந்திருந்தது. நட்டு மீட்ட காடு அதற்கு அடுத்து. தானாக விட்டது கடைசி. வித்தியாசத்தை உண்டாக்கியவை பெரும்பாலும் பூச்சிகள். 12 முதல் 24 கிலோஹெர்ட்ஸ் வரையிலான, மிக உயர்ந்த சுருதியுள்ள கீச்சொலிகள் அவை. வயதானவர்கள் காதில் இதில் பாதிகூட விழாது. நல்ல காட்டில் ஒவ்வொரு பூச்சி இனமும் தனக்கென ஒரு சுருதியைப் பிடித்துக்கொள்ளும். இனம் குறைந்தால் அந்தச் சுருதி காலியாகக் கிடக்கும். பூச்சி இல்லாத இடத்தில் தவளைக்கும் வௌவாலுக்கும் இரை ஏது?

கருவியை மட்டும் நம்பிவிடவும் கூடாது. கார்னெல் பல்கலைக்கழகமும் ஜெர்மானியக் கூட்டாளிகளும் உருவாக்கிய பேர்ட்நெட் போன்ற மென்பொருள் பறவைக் குரலை அடையாளம் சொல்லும். ஆனால் நம் துடுப்புவால் கரிச்சான் இருக்கிறதே, அது மற்ற பறவைகளைப் போலவே குரல் கொடுக்கும். மென்பொருள் ஏமாந்துபோக வாய்ப்புண்டு. பழகிய காது ஒன்று உட்கார்ந்து சரிபார்த்தே ஆக வேண்டும். பத்து முறை கூவியது ஒரே பறவையா, பத்துப் பறவைகளா என்பதும் பதிவைக் கேட்டு எளிதில் சொல்லக்கூடியதல்ல.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். விறகுக்குப் போகும் பெண்கள் பேசிக்கொள்வதும் அந்த மைக்கில் விழும். எஸ்டேட் மக்களிடம் முன்கூட்டியே சொல்லாமல் கருவி கட்டுவது தவறு. மனிதப் பேச்சு வந்தால் அந்தப் பகுதியை அழித்துவிட வேண்டும். இதில் சமரசமே கூடாது என்பது என் கருத்து.

எல்லா நிலத்துக்கும் ஒரே அளவுகோலும் பொருந்தாது. மலையுச்சிப் புல்வெளியில் நீலகிரி நெட்டைக்காலி போன்ற சில பறவைகளின் குரல்தான் கேட்கும். மழைக்காட்டோடு ஒப்பிட்டு, இங்கே சத்தம் குறைவு, மரம் நடுவோம் என்று கிளம்பினால் அந்தப் பறவைக்கு இருக்கும் இடமும் போய்விடும். சீகை (வாட்டில்) மரங்களை நட்டு அப்படிப் புல்வெளிகளை இழந்த மலைகள் நம்மிடம் இருக்கின்றன.

பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022இல் தொடங்கியதிலிருந்து மாநிலமெங்கும் மரம் நடுகிறோம். நடுகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: குழி தோண்டுவதற்கு முன்பே அந்த இடத்தில் ஒரு கருவியைக் கட்டி, பகலையும் இரவையும் பதிவு செய்து வையுங்கள். ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு கழித்து அதே இடத்தில், அதே பருவத்தில் மறுபடி பதிவு செய்யுங்கள். எத்தனை கன்று பிழைத்தது என்ற கணக்கோடு இந்த இரண்டு பதிவுகளையும் சேர்த்து மக்கள் கேட்கும்படி வெளியிடுங்கள்.

நன்றி. வணக்கம்.