ஐப்பசியில் வரும் ஆறுமணிக் குருவி

நேயர்களுக்கு வணக்கம்.

அபூர்வமான பறவைகளைப் பார்க்க எந்தக் காட்டுக்குப் போகலாம் என்று என்னிடம் கேட்பவர்கள் அதிகம். சென்னைக்காரர்கள் ஐப்பசியில் கேட்டால், "முதலில் உங்கள் வீட்டுக் கொல்லைக்குப் போய்ப் பாருங்கள்" என்பேன்.

ஆறுமணிக் குருவி வரும் காலம் இது. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிறது. பயணமெல்லாம் இரவில்தான். விடியும் நேரத்தில் மரங்கள் தென்படும் இடத்தில் இறங்கிவிடும். கிண்டி தேசியப் பூங்காவிலும் இறங்கும். ஒற்றை வேப்பமரம் மிஞ்சிய மாம்பலத்து வீட்டிலும் இறங்கும்.

பச்சை முதுகு, இறக்கையில் பளீர் நீலம், அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு, கண்ணில் மை தீட்டிய மாதிரி கறுப்புப் பட்டை. இத்தனை நிறம் இருந்தும் சட்டென்று கண்ணில் படாது. நிழலில் தரையோடு தரையாகத் தத்திப் போய், அலகால் சருகைப் புரட்டிப் புழு பூச்சி தேடும். நின்றதும் குட்டை வால் மெதுவாக மேலும் கீழும் அசையும். பெரும்பாலும் அந்த அசைவுதான் காட்டிக்கொடுக்கும். காலையிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் இரண்டு சுரத்தில் சீட்டியடிக்கும். சருகுக்குள்தான் அதன் இரை, ஆகவே தோட்டத்துச் சருகைக் கூட்டிக் கொளுத்தாதீர்கள். எங்கள் குடியிருப்பில் இதைச் சொல்லி நான் வாங்காத பேச்சில்லை!

அதன் குரலைப் போனில் ஒலிக்கவிட்டு வரவழைக்கிறவர்கள் உண்டு. எனக்கு அது அறவே பிடிக்காது. ராத்திரி முழுக்கப் பறந்து களைத்த பறவை, இரையை விட்டுவிட்டு இல்லாத போட்டியாளனைத் தேடி அலையும். ஒரு படத்துக்காக அதை அலைக்கழிக்க வேண்டுமா?

ஜன்னல் கண்ணாடியில் மோதி விழுவதும் நடக்கும். பால்கனியில் அப்படி ஒன்று கிடந்தால், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். அட்டைப்பெட்டியில் காற்றுத் துளை போட்டு, பழைய துணி விரித்து, உள்ளே வைத்து மூடி, பூனை எட்டாத இடத்தில் வையுங்கள். அடிக்கடி திறந்து பார்க்கவும் வேண்டாம். அதிர்ச்சி மட்டும் என்றால் ஓரிரு மணி நேரத்தில் தேறிவிடும். பிறகு காகங்கள் இல்லாத புதர் ஓரமாகப் பெட்டியைத் திறந்துவிடலாம். இறக்கை தொங்கினால் வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள். அழகாக இருக்கிறதே என்று கூண்டில் வைப்பது சட்டப்படி குற்றம்.

பார்த்ததை, பறவை பார்ப்பவர்கள் தங்கள் பட்டியல்களைப் பதியும் இ-பேர்ட் (eBird) இணையதளத்தில் பதியுங்கள். கூடவே அன்று கண்ட காகம், மைனா எல்லாவற்றையும் எழுதுங்கள். குருவி வராத நாளின் பட்டியலும் தேவை. அது இருந்தால்தான் எப்போது வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

இப்போது தவறவிட்டவர்கள் சித்திரை வாக்கில், அது வடக்கே திரும்பும்போது பார்க்கலாம். நன்றி, வணக்கம்.