பாம்பன் கால்வாயும் ஒரு சிவப்புக் கயிறும்

நேயர்களுக்கு வணக்கம். "மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் சூறைக்காற்று வீசக்கூடும், மீனவர்கள் இப்பகுதிகளுக்குச் செல்ல வேண்டாம்." இந்த வாசகத்தை வானொலியில் எத்தனை தடவை கேட்டிருப்பீர்கள்! எங்கள் தெருப் பிள்ளைகள் செய்தி வாசிப்பவர் குரலிலேயே சொல்லிக் காட்டும். அந்த அறிவிப்பு வந்த நாளில் நாங்கள் படகைக் கரையேற்றிவிட்டுச் சீட்டு விளையாடுவோம். அதனால் அந்த நாளைப் பற்றி நான் பேசப்போவதில்லை. எந்த அறிவிப்பும் இல்லாத நாள் ஒன்று இருக்கிறதே, விடியற்காலையில் எண்ணெய் ஊற்றினது போலக் கடல் கிடக்கும், பதினொரு மணிக்கு ஆளே மாறிப்போயிருக்கும். அந்த நாளைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

நான் பாம்பனில் அவுட்போர்டு எஞ்சின், அதாவது படகின் பின்பக்கம் வெளியே மாட்டுகிற எஞ்சின், மெக்கானிக். அதற்கு முன்னால் மச்சானோடு ஃபைபர் படகில் தொழிலுக்குப் போனவன். ராமேஸ்வரத்துக்கு ரயிலில் போனவர்களுக்கு எங்கள் ஊர் தெரியும். பாலத்தில் போகும்போது இடது பக்கம் பாக் நீரிணை, அதை நாங்கள் வடகடல் என்போம். வலது பக்கம் மன்னார் வளைகுடா, அது தென்கடல். வாடைக்காற்று மாதங்களில் வடகடல் துள்ளும், தென்கடல் படுத்துக் கிடக்கும். கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கும்போது அப்படியே நேர்மாறு. ஒரே ஊருக்கு இரண்டு கடல். நீங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து கைபேசியில் படம் எடுக்கிற அந்தக் கால்வாய்தான் இரண்டுக்கும் நடுவில் உள்ள வாசல். வாடைக்காலத்தில் நீரோட்டம் பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்காக இறங்கும், கச்சான் காலத்தில் தெற்கிலிருந்து வடக்காக ஏறும்.

காற்றும் நீரோட்டமும் ஒரே திசையில் போனால் அலை நீளமாக, சாதுவாக வரும். இரண்டும் எதிரெதிராக முட்டினால் அதே காற்றுக்கு அலை குட்டையாகும், செங்குத்தாகும், ஒன்றின் முதுகில் ஒன்று ஏறும். காற்று கொஞ்சமும் கூடியிருக்காது, கடல் மட்டும் கெட்டுப்போயிருக்கும். ஆற்று முகத்துவாரத்திலும் இதே கதைதான். நீர் வற்றி வெளியே ஓடுகிற நேரத்தில் வெளி அலை உள்ளே வந்தால் அங்கே சண்டைதான்.

ஒரு ஐப்பசி மாதம். கச்சான் முடிந்தும் முடியாமலும் இருந்த நேரம். தென்கடலில் வலையை இழுத்துப் படகில் ஏற்றிக்கொண்டு நானும் மச்சானும் கால்வாய் வழியாக வடக்கே திரும்புகிறோம். நீரோட்டம் இன்னும் வடக்கே ஏறிக்கொண்டிருக்க, வாடை அன்றைக்குத்தான் முதன்முதலாக எதிரே கிளம்பியிருக்கிறது. பாறைகளுக்குப் பக்கத்தில் தண்ணீர் கொதிப்பது போல இருந்தது. அலையைப் பார்த்து ஓட்டலாம் என்று எழுந்து நின்றேன். ஒரு கை எஞ்சின் கைப்பிடியில். "மாப்ள, உக்காரு" என்று மச்சான் சொன்னது காதில் விழுந்தது. படகு ஒரு அலையின் முதுகிலிருந்து பொத்தென்று பள்ளத்தில் இறங்கியது. நான் தண்ணீரில்.

எஞ்சின் நிற்கவில்லை. கைவிட்ட கைப்பிடி ஒரு பக்கமாகச் சாய்ந்து, படகு வட்டம் அடிக்கத் தொடங்கிவிட்டது. நீரோட்டம் என்னையும் படகையும் சேர்த்தே இழுத்ததால் அது என்னை விட்டு விலகவும் இல்லை. சுற்றிச் சுற்றி என்னிடமே வந்தது. முதல் சுற்றில் முங்கினேன், எஞ்சினின் விசிறி தலைக்கு மேலே போகிற சத்தம் கேட்டது. இரண்டாவது சுற்றிலும் முங்கினேன். மச்சான் அணியத்திலிருந்து, அதாவது படகின் முன்முனையிலிருந்து, வலைமேல் விழுந்து எழுந்து பின்பக்கம் வந்துவிட்டார். எஞ்சினை நிறுத்தும் பட்டன் எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது. எண்ணெய்க் குழாயைப் பிடுங்கினார். குழாயைப் பிடுங்கினதும் எஞ்சின் நிற்காது நேயர்களே! கார்புரேட்டரில் மிச்சம் இருக்கிற எண்ணெய் தீரும்வரை ஓடும். அதற்குள் நான் இன்னொரு தடவை முங்க வேண்டியிருந்தது.

அந்த எஞ்சினோடு கம்பெனிக்காரர் கொடுத்த சுருள் சுருளான சிவப்புக் கயிறு என்ன ஆனது? ஒரு முனையில் கிளிப் இருக்கும், அது சுவிட்சில் இருக்க வேண்டும். மறுமுனை ஓட்டுகிறவன் மணிக்கட்டிலோ இடுப்பிலோ இருக்க வேண்டும். ஆள் விழுந்தால் கிளிப் கழன்று எஞ்சின் அந்த நொடியே நின்றுவிடும். நான் என்ன செய்திருந்தேன் என்றால், கிளிப்பைச் சுவிட்சில் மாட்டிவிட்டு, கயிற்றைக் கைப்பிடியிலேயே சுற்றிவைத்திருந்தேன். கை நிறைய வேலை இருக்கும்போது இடைஞ்சல் என்று. இன்றைக்கும் என் பட்டறைக்கு வருகிற எஞ்சின்களில் பெரும்பாலும் அப்படித்தான் சுற்றியிருக்கிறது. "வலை இழுக்கும்போது மாட்டும் அண்ணே" என்பார்கள். வலை இழுக்கும்போது கழற்றிக்கொள், தம்பி. ஓடும்போது கட்டு. ஓடும்போது கட்டு என்று மறுபடியும் சொல்கிறேன். கூடவே இரண்டாவது கிளிப் ஒன்று படகில் இருக்கட்டும். கிளிப்போடு நீ விழுந்துவிட்டால், படகில் இருக்கிறவன் எஞ்சினை மறுபடி கிளப்பி உன்னை எடுக்க வர வேண்டும் அல்லவா?

இதையே பேசி நேரம் போய்விட்டது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் விரலைக் காட்டுகிறார். ஒரு மெக்கானிக்காக இதைச் சொல்லாமல் விட முடியாது. கடல் கெட்டவுடன்தான் எஞ்சின் நிற்கிறது என்று சொல்வார்கள், ராசி இல்லை என்பார்கள். ராசி ஒன்றுமில்லை. டேங்கின் அடியில் மாதக்கணக்காக அடங்கிக் கிடந்த கசடும் தண்ணீரும் படகு குலுங்கும்போது கலங்கி ஃபில்டரை அடைக்கிறது. கரையில் கழுவாத டேங்க் கடலில் வந்து கணக்குக் கேட்கும். அப்படி நின்றால் முதலில் எஞ்சின் மூடியைத் திறக்காதீர்கள், அணியத்திலிருந்து நங்கூரத்தைப் போடுங்கள். ஆழத்தைப்போல ஐந்து ஆறு மடங்குக் கயிறு விட வேண்டும். நங்கூரம் எட்டாத ஆழம் என்றால் வலையையோ கூடையையோ கயிற்றில் கட்டி முன்பக்கம் விடுங்கள். படகின் முகம் அலைக்கு நேராக நிற்கும். குறுக்கே கிடந்தால் புரட்டிவிடும். அதன் பிறகு மூடியைத் திறக்கலாம்.

கரைக்கு வரும்போது அலை பின்னாலிருந்து தள்ளும். முன்னால் வைத்த வலையையும் ஐஸ் பெட்டியையும் பின்பக்கம் நகர்த்துங்கள், அணியம் குத்தாது. ஒரு அலையின் முதுகிலேயே வேகத்தை விட்டும் பிடித்தும் வாருங்கள், அதை முந்தாதீர்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும், பிறகு கொஞ்சம் ஓயும். அந்த ஓய்வு வரும்வரை வெளியே காத்திருப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

கள்ளக்கடலைப் பற்றித் தனியாகவே பேச நினைத்திருந்தேன். காற்றில்லை, மழையில்லை, வானம் பளிச்சென்று இருக்கும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் தெற்குக் கடலில் கிளம்பின அலை சில நாள் கழித்து நம் கரையில் வந்து எழும். 2024 மே 6ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரைக் கொண்டுபோனது இதுதான். ஆழ்கடலில் இருக்கிறவனுக்கு அது தெரியவே தெரியாது. கரையிலும் முகத்துவாரத்திலும்தான் அது எழுந்து நிற்கும். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்கிற கடல் தகவல் நிறுவனம் இதற்கென்றே எச்சரிக்கை கொடுக்கிறது. புயல் செய்தி இல்லை என்று நிம்மதியாகாமல் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னும் அரை நிமிஷம்தானாம். எண்ணெயை மூன்று பங்காக்கிப் போக ஒன்று, வர ஒன்று, வைத்துக்கொள்ள ஒன்று. கைபேசியைக் காற்றுப் புகாத பையில் கட்டிக் கழுத்தில் போடுங்கள். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். லைஃப் ஜாக்கெட்டைத் தலைக்கு வைத்துத் தூங்குவதைப் பற்றிப் பேச நேரமில்லை. கடலோரக் காவல்படையின் இலவச எண் 1554, திரும்பவும் சொல்கிறேன், ஒன்று ஐந்து ஐந்து நான்கு. வணக்கம்.