9 டைவ் முடித்தவர் ஏழு இரவுப் படகுப் பயணம் போகலாமா? நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரக் கேள்வி தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி அனுப்பியது. அதைச் சுருக்கி வாசிக்கிறேன். "எனக்கு வயது 31. சென்ற ஆண்டு அந்தமானில் ஓப்பன் வாட்டர் என்னும் ஸ்கூபாவின் முதல் நிலைச் சான்றிதழ் எடுத்தேன். பயிற்சியையும் சேர்த்து இதுவரை 9 டைவ் செய்திருக்கிறேன். அலுவலக நண்பர்கள் மூவர் வருகிற ஜனவரியில் மாலத்தீவில் ஏழு இரவுகள் படகிலேயே தங்கி ஸ்கூபா செய்யும் லிவ்அபோர்டு பயணத்துக்கு என்னையும் அழைக்கிறார்கள். நான் போகலாமா? கடைசி நாள் காலையில் டைவ் செய்துவிட்டு அன்றிரவே விமானம் ஏறலாமா? நைட்ராக்ஸ் என்ற ஆக்சிஜன் கூடிய காற்றை வாங்கிக்கொண்டால் விமானப் பிரச்சினை வராது என்று ஒருவர் சொல்கிறாரே, உண்மையா? ஏழு நாள் கடலிலேயே இருப்பது என்றதும் அம்மா பயப்படுகிறார், அவருக்கு என்ன சொல்வது?"

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற மூன்றும் அதற்குள்தான் இருக்கின்றன. கடைசி நாள் காலையில் டைவ் செய்துவிட்டு அன்றிரவு விமானம் ஏறக் கூடாது.

காரணத்தைக் கேளுங்கள். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டரில் மேலே இருப்பதைப் போல நான்கு மடங்கு. அந்த அழுத்தத்தில் நீங்கள் சுவாசிக்கும் காற்றில் உள்ள நைட்ரஜன், சோடா பாட்டிலில் வாயு கரைந்திருப்பதைப் போல, இரத்தத்திலும் கொழுப்பிலும் மூட்டுகளிலும் கரைந்து தங்குகிறது. மேலே வந்த பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாக மூச்சின் வழியே வெளியேற வேண்டும், அதற்குப் பல மணி நேரம் ஆகும். நம் தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கத்தில் தண்டல் கடனைப் பற்றி யாருக்கும் விளக்கத் தேவையில்லை. லிவ்அபோர்டில் காலை ஆறரை மணி டைவில் ஒரு கடன் வாங்குகிறீர்கள். சிற்றுண்டி நேரத்தில் பாதியை அடைக்கிறீர்கள். மீதி நிற்கும்போதே பதினொரு மணிக்கு அடுத்த கடன், மூன்று மணிக்கு இன்னொன்று, இருட்டிய பிறகு இரவு டைவில் நான்காவது. இரவு உறக்கத்தில் பெரும்பகுதி அடைபட்டாலும் முழுவதும் அடைபடாது, மறுநாள் காலையில் பாக்கியோடுதான் தண்ணீரில் குதிக்கிறீர்கள். ஒரு நாள் போய் இரண்டு டைவ் செய்துவிட்டுக் கரை திரும்புவதற்கும் லிவ்அபோர்டுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்: இங்கே பாக்கி ஆறு நாளும் தொடர்கிறது.

இந்தப் பாக்கியோடு விமானம் ஏறினால் என்ன ஆகும்? பயணிகள் விமானத்தின் உள்ளே இருக்கும் அழுத்தம், ஏறக்குறைய 1,800 முதல் 2,400 மீட்டர் உயரமுள்ள மலையின் மேல் இருப்பதற்குச் சமம். ஊட்டிக்கு ஒரே தாவலில் ஏறியதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். சோடா பாட்டிலின் மூடியைத் திறந்தது போல உடலுக்குள் குமிழிகள் உருவாகலாம். மூட்டு வலி, தோல் அரிப்பு, கை கால் மரத்துப்போதல், காரணமில்லாத பெருங்களைப்பு, மோசமான நிலையில் நடக்க முடியாமல் போவது வரைக்கும் இதன் விளைவுகள் உண்டு. பாலங்களுக்கு அடித்தளம் போட அழுத்தக் காற்று அறைகளில் வேலை செய்த தொழிலாளர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே இந்த நோயால் முடங்கினார்கள். 1908இல் ஜான் ஸ்காட் ஹால்டேன் ஆடுகளை வைத்துச் சோதனை செய்து, எவ்வளவு ஆழத்திலிருந்து எப்படிப் படிப்படியாக மேலே வர வேண்டும் என்று அட்டவணை வெளியிட்டார். இன்று உங்கள் மணிக்கட்டில் இருக்கும் டைவ் கம்ப்யூட்டர் அந்த அட்டவணையின் பேரப்பிள்ளை. பல நாள்கள் தொடர்ந்து டைவ் செய்தவர் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரமாவது காத்திருக்க வேண்டும் என்பது டேன் என்னும் டைவர்கள் பாதுகாப்பு அமைப்பின் வழிகாட்டுதல். பல படகுகள் 24 மணி நேரம் என்று வைத்திருக்கின்றன. நானும் 24 என்றே சொல்வேன். கடைசி முழு நாளின் காலையோடு டைவை நிறுத்திவிட்டு மறுநாள் விமானம் ஏறுங்கள், இடையில் இருக்கும் நேரத்தில் மாலே நகரின் மீன் சந்தையைச் சுற்றிப் பாருங்கள். காசிமேட்டுக்காரர்களுக்கு அந்தச் சூரை மீன் குவியல்கள் பிடிக்கும்.

அடுத்து நைட்ராக்ஸ். இதில் பெரிய குழப்பம் இருக்கிறது. நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடு. நைட்ராக்ஸ் சிலிண்டரில் பெரும்பாலும் 32 விழுக்காடு ஆக்சிஜன் கலந்திருப்பார்கள். நைட்ரஜன் குறைவாக இருப்பதால் கடனும் குறைவாக ஏறும். 30 மீட்டரில் சாதாரணக் காற்றோடு ஏறக்குறைய 20 நிமிடம் இருக்கலாம் என்றால், 32 விழுக்காட்டில் ஏறக்குறைய 30 நிமிடம் இருக்கலாம். நாளுக்கு நான்கு டைவ் செய்யும் லிவ்அபோர்டில் அது உண்மையிலேயே பயனுள்ள பொருள், அதற்கான ஒரு நாள் பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால், அதை வாங்கியதால் விமானத்துக்கு முன் காத்திருக்க வேண்டியதில்லை என்பது தவறு. நைட்ராக்ஸ் இருந்தால் இன்னும் ஆழமாகப் போகலாம் என்று நினைப்பது அதைவிட ஆபத்தான தவறு. ஆக்சிஜன் அழுத்தம் ஓர் அளவைத் தாண்டினால் அதுவே நஞ்சாகி நீருக்குள் வலிப்பு வரலாம், வலிப்பு வந்தால் வாயிலிருக்கும் ரெகுலேட்டர் என்னும் சுவாசக் கருவி நழுவிவிடும். 32 விழுக்காட்டுக்கு எல்லை ஏறக்குறைய 33 மீட்டர், 36 விழுக்காட்டுக்கு 28 மீட்டர். ஆகவே ஒவ்வொரு சிலிண்டரையும் நீங்களே ஆக்சிஜன் அளவியால் சோதித்து, எத்தனை விழுக்காடு, எவ்வளவு ஆழம் என்பதை நீங்களே எழுதிக் கையொப்பமிட வேண்டும். படகுப் பையன் சோதித்துவிட்டான் என்று சொன்னாலும் மறுபடி சோதியுங்கள்.

இனி, போகலாமா என்ற கேள்வி. ஜனவரி மாதத்தைத் தேர்ந்தெடுத்தது சரிதான். வடகிழக்குப் பருவக்காற்றின் காலத்தில், ஏப்ரல் வரை, மாலத்தீவில் வானிலை பொதுவாக நன்றாகவும் தண்ணீர் தெளிவாகவும் இருக்கும். தண்ணீர் ஆண்டு முழுவதும் 27 முதல் 30 டிகிரி. ஆனால் உங்கள் 9 டைவும் அந்தமானில் பயிற்றுநரின் கைக்கெட்டும் தூரத்தில் நடந்தவை. ஓப்பன் வாட்டர் சான்றிதழின் எல்லை 18 மீட்டர். மாலத்தீவின் புகழ்பெற்ற இடங்களில் பல அதற்குக் கீழே இருக்கின்றன. அங்கே பொழுதுபோக்கு டைவுக்குச் சட்டப்படி 30 மீட்டர் எல்லை, அதற்கு அட்வான்ஸ்டு ஓப்பன் வாட்டர் சான்றிதழ் வேண்டும்.

ஆழத்தை விட எனக்குக் கவலை தருவது நீரோட்டம். நம் மீனவர்கள் அதை வெள்ளம் என்றே சொல்வார்கள். தெற்கிலிருந்து வருவது தெண்டி, வடக்கிலிருந்து வருவது வன்னி என்று பெயர் சொல்லி, வலை போடுவதற்கு முன்பே அதைக் கணித்துவிடுவார்கள். மாலத்தீவில் பவளத் தீவு வளையத்தை அறுத்துக்கொண்டு வெளிக்கடலும் உள்கடலும் கலக்கும் வாய்க்கால்களுக்கு 'கண்டு' என்று மாலத்தீவின் திவெஹி மொழியில் பெயர். வெளிக்கடல் வெள்ளம் உள்ளே பாயும்போது சுறாக்கள் அந்த வாயிலில் வந்து நிற்கும், அவற்றைப் பார்க்கத்தான் எல்லோரும் போகிறார்கள். 2010இல் மாலத்தீவு தன் கடல் முழுவதிலும் சுறா பிடிப்பதற்குத் தடை போட்டது. சுறாப்புட்டைச் சுவைத்து வளர்ந்த எனக்கு, அந்த வாயிலில் வரிசையாக நிற்கும் சாம்பல் சுறாக்களை முதன்முறை பார்த்தபோது கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. அந்தக் காட்சிக்காக நீங்கள் குதித்த உடனே, மிதக்காமல், நேராக 25 மீட்டருக்கு இறங்கி, பாறையில் கொக்கி மாட்டி, கொடி போலப் பறந்துகொண்டு நிற்க வேண்டும். காது அடைப்பை எடுக்க இரண்டு நிமிடம் தடுமாறினால் வெள்ளம் உங்களை வாயிலைத் தாண்டி இழுத்துப் போய்விடும். பதற்றத்தில் மூச்சு வேகமாகும். 30 மீட்டரில் ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே செலவாவதைப் போல நான்கு மடங்கு காற்று செலவாகும். 200 பார் அழுத்தத்தில் முழுதாக நிரப்பிய சிலிண்டர் இருபது நிமிடத்தில் தீர்ந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். பல படகுகள் இத்தகைய தடங்களுக்கு 50 டைவ் அனுபவம் கேட்பது உங்களைத் துரத்துவதற்காக அல்ல.

என் கருத்தைக் கேட்டால், இந்த ஜனவரியில் நீங்கள் அந்தப் படகில் ஏற வேண்டாம். அதற்காக மாலத்தீவையே விட்டுவிட வேண்டியதில்லை. 2009க்குப் பிறகு மக்கள் வசிக்கும் தீவுகளிலும் விருந்தினர் விடுதிகளுக்கு அனுமதி கிடைத்துவிட்டது. நண்பர்கள் படகில் போகட்டும், நீங்கள் திகுரா, ரஸ்தூ போன்ற ஒரு தீவில் தங்கி, நாளுக்கு இரண்டு டைவ் செய்து, அங்கேயே அட்வான்ஸ்டு பயிற்சியை முடியுங்கள். அது ஐந்து டைவ்தான், ஆழமும் திசையறிதலும் அதில் கட்டாயம். அதன் பிறகு அந்தமானிலோ புதுச்சேரியிலோ முப்பது டைவ் சேர்த்துக்கொண்டு அடுத்த ஆண்டு போனால், அதே பணத்துக்கு இருமடங்கு காண்பீர்கள்.

போகும்போது ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். படகின் அன்றாட அட்டவணைப் பலகையில் நான்கு டைவ் எழுதியிருப்பதால் நான்கையும் செய்தே தீர வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. பணம் கொடுத்திருக்கிறோமே என்ற எண்ணம்தான் நம்மைத் தள்ளுகிறது. என் மூன்றாவது பயணத்தில் நான்காம் நாள் சளி பிடித்தது. மூக்கடைப்புக்கு மாத்திரை போட்டுக்கொண்டு குதித்தேன். இறங்கும்போது ஒன்றும் தெரியவில்லை, மேலே வரும்போது மாத்திரையின் வேகம் தீர்ந்து, காதுக்குள் விரிந்த காற்று வெளியேற வழியில்லாமல் ஆணி அடித்தது போல வலித்தது. ஏறவும் முடியாமல் இறங்கவும் மனமில்லாமல் 6 மீட்டரில் தொங்கிக்கொண்டிருந்த அந்தப் பத்து நிமிடத்தை இன்றும் மறக்கவில்லை. மீதி மூன்று நாளும் மேல்தளத்தில் உட்கார்ந்து மற்றவர்களின் துண்டுகளைக் காயப்போட்டேன். அந்த ஒரு டைவை விட்டிருந்தால் மற்ற ஒன்பதும் கிடைத்திருக்கும்.

சிறு பொருள்களைப் பற்றி விரைவாகச் சொல்கிறேன். மேலே வரும்போது உயர்த்திக் காட்டும் எஸ்.எம்.பி. என்னும் ஆரஞ்சு நிறக் குழாய் மிதவை உங்களுடையதாக இருக்கட்டும், அதை ஏவப் பழகிக்கொள்ளுங்கள். மாலத்தீவில் டைவ் சாமான்களும் சிலிண்டரில் காற்று நிரப்பும் கம்ப்ரசரும் பெரும்பாலும் பெரிய படகில் இருக்காது, கூடவே வரும் தோனி என்னும் துணைப்படகில் இருக்கும். நம் தோணியேதான், பெயரிலும் வடிவிலும் உறவு தெரியும். அலையில் அந்தத் தோனியின் ஓட்டுநர் கண்ணுக்கு உங்கள் தலை ஒரு தேங்காய் அளவுதான், மிதவை இருந்தால்தான் தேடி வருவார். சாதாரணப் பயணக் காப்பீடு பெரும்பாலும் ஸ்கூபாவை விலக்கிவிடும், மேலே சொன்ன குமிழி நோய்க்கான அழுத்த அறைச் சிகிச்சைச் செலவைத் தாங்கும் தனிக் காப்பீடு எடுங்கள்.

கடைசியாக அம்மா. அவருடைய பயத்தைச் சிரித்து ஒதுக்காதீர்கள். என் அப்பா காசிமேட்டிலிருந்து விசைப்படகில் பத்து நாள் தங்குகடலுக்குப் போனவர், அம்மா அந்தப் பத்து நாளும் எப்படி இருந்தார் என்பது எனக்குத் தெரியும். அம்மா சுறாவை நினைத்துப் பயப்படுவார், ஆனால் லிவ்அபோர்டில் உண்மையில் பயப்பட வேண்டியது தீ. 2019 செப்டம்பர் 2 அன்று அதிகாலையில் கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் தீவருகே கன்செப்ஷன் என்ற டைவ் படகு எரிந்து 34 பேர் இறந்தார்கள். கீழ்த்தளத்தில் உறங்கிய எவரும் வெளியே வர முடியவில்லை. இரவில் சுற்றிவந்து கண்காணிக்கும் காவலர் ஒருவரும் இல்லாதது விசாரணையில் பெரிய குற்றமாகச் சொல்லப்பட்டது. பிறகு அந்தக் கேப்டனுக்குச் சிறைத்தண்டனையும் கிடைத்தது. ஆகவே முன்பணம் கட்டுவதற்கு முன் படகுக்காரர்களிடம் எழுத்தில் கேளுங்கள்: இரவுக் காவல் யார், கீழ் அறையிலிருந்து வெளியேற இரண்டாவது வழி எது, கேமராவையும் டார்ச்சையும் சார்ஜ் செய்ய எங்கே இடம் வைத்திருக்கிறீர்கள், முதலுதவிக்கு ஆக்சிஜன் சிலிண்டர் எத்தனை இருக்கிறது. நான் சென்ற ஒரு படகில் அவசர வழியின் மேல் யாருடைய பெட்டிகளோ அடுக்கியிருந்தன, நாங்களே எடுத்து அப்புறப்படுத்தினோம். ஏறிய முதல் மாலையே, விளக்கை அணைத்துவிட்டு, அறையிலிருந்து தளம் வரை கையால் தடவிக்கொண்டே ஒரு முறை நடந்து பாருங்கள். உறங்கும்போது பாட்டரியைச் சார்ஜில் விடாதீர்கள்.

அந்தப் பதில்களை அச்செடுத்து, படகின் பெயர், செயற்கைக்கோள் தொலைபேசி எண், பயணத்தடம், காப்பீட்டு எண் எல்லாவற்றையும் ஒரே தாளில் தமிழில் எழுதி அம்மாவிடம் கொடுங்கள். இரண்டு நாளுக்கு ஒரு முறையாவது அலைபேசிக்குச் சிக்னல் கிடைக்கும் தீவருகே படகு நிற்கும், எந்தெந்த நாள் மாலை பேச முடியும் என்பதையும் அதே தாளில் குறித்துவிடுங்கள்.